முடிவெடுக்கும் நாளுக்குள் அறிவு வந்து சேர வேண்டும்: சுற்றுச்சூழல் ஆய்வுக் கொள்கையை வழிநடத்துவோருக்கு ஒரு கையேடு

சிங்கப்பூரில் ஓர் அமைச்சிலோ கழகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பொறியாளராகவும் உயிரியலாளராகவும் பல ஆண்டுகள் பணியாற்றிய தமிழர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்கு, நீடித்த நிலைத்தன்மை தொடர்பான ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பு ஒருநாள் வந்து சேரும். நிதியை எங்கே இடுவது, எந்த வெளிநாட்டுக் குழுவோடு சேர்வது, எந்தப் பணியை நிறுத்துவது என்ற கேள்விகள் அதன் பிறகு நாள்தோறும் மேசைக்கு வரும். ஆய்வு செய்யத் தெரிந்த ஒருவருக்கு ஆய்வை வழிநடத்தவும் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதால், அந்தப் பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே பணம் பெரிய தடையன்று. பிரதமர் அலுவலகத்தின்கீழ் 2006இல் தேசிய ஆய்வு அறநிறுவனம் அமைக்கப்பட்டது. 2021 முதல் 2025 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்திற்கு முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 25 பில்லியன் வெள்ளி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு; அத்திட்டத்தின் நான்கு பிரிவுகளுள் நகரத் தீர்வுகளும் நீடித்த நிலைத்தன்மையும் ஒன்று. நமக்கு உண்மையில் குறைவாக இருப்பது காலம். ஒரு கடல் தடுப்புச் சுவரின் உயரத்தைக் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் முடிவுசெய்தே ஆகவேண்டும் என்றால், அதற்கான ஆய்வு முடிவு இரண்டாண்டு கழித்து வந்து பயனில்லை. அது எவ்வளவு சிறந்த ஆய்வாக இருந்தாலும் அதற்குள் சுவர் எழும்பியிருக்கும். எந்த முடிவு எப்போது எடுக்கப்படும் என்பதை முன்னரே அறிந்து, அந்த நாளுக்குள் நம்பத்தக்க அறிவு முடிவெடுப்பவரின் கைக்குக் கிடைக்கும்படி, பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவைப்பதையே ஆய்வுக் கொள்கையை வழிநடத்துவது என்று கருதுகிறேன். மற்றவை எல்லாம் இதற்குத் துணைநிற்பவை.

முடிவுகளின் நாள்காட்டி

பொறுப்பேற்றவுடன் ஆய்வாளர்களைக் கூட்டி, எதை ஆராயலாம் என்று கேட்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்தக் கூட்டத்தைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். அதற்கு முன், எடுத்த பிறகு எளிதில் மாற்ற முடியாத முடிவுகள் உங்கள் துறையில் எவையெவை, அவை எந்த ஆண்டில் எடுக்கப்பட வேண்டும் என்று ஒரு நாள்காட்டியைத் தயாரியுங்கள். சிங்கப்பூரில் இத்தகைய தேதிகள் பலவும் எல்லாரும் அறிந்தவையே. ஜோகூரிலிருந்து நாம் தண்ணீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் காலாவதியாகிறது. 1999இல் செயல்படத் தொடங்கிய செமாக்காவ் குப்பை நிரப்புமிடம் 2035ஐ ஒட்டி நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. நிகரக் கரிம வெளியேற்றத்தை முற்றாக நீக்குவதற்கான ஆண்டு 2050. கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. 2030க்குள் அது 50 வெள்ளிக்கும் 80 வெள்ளிக்கும் இடையில் இருக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு தேதியிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கட்டுமானத்திற்கும் வடிவமைப்பிற்கும் எத்தனை ஆண்டு தேவை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கும் பொதுமக்களின் கருத்தறிவதற்கும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கழித்துக்கொண்டே வந்தால், எஞ்சுவதே ஆய்வுக்கு உங்களிடம் உள்ள காலம். செமாக்காவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே கொட்டப்படும் குப்பை எரிசாம்பலைக் கட்டுமானப் பொருளாக மாற்றும் ஆய்வுக்கு எவ்வளவு குறைந்த அவகாசமே இருக்கிறது என்பது உடனே புலப்படும்.

இந்த நாள்காட்டியை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி முழுமையாக்க முடியாது. நீரேற்று நிலையத்தை இயக்குபவர், கால்வாய்களைப் பராமரிப்பவர், நகர மன்றத்தின் கட்டட மேற்பார்வையாளர் ஆகியோரிடம் சென்று, எந்த விஷயத்தில் போதிய தகவலின்றி ஊகத்தின் பேரில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பெரிய ஆவணங்களில் இடம்பெறாத தேவைகள் இவர்களிடமிருந்தே தெரியவரும்.

கேள்வியை எழுதுதல்

வழிநடத்துபவரின் வேலையில் மிகுந்த உழைப்பைக் கோருவது இதுவே. நிதி அழைப்பில் நீங்கள் எழுதும் கேள்வி எப்படியோ, உங்களுக்கு வந்து சேரும் பதிலும் அப்படியே இருக்கும்.

கடல்மட்ட உயர்வை எடுத்துக்கொள்வோம். நம் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று கூறினார். பொதுப் பயனீட்டுக் கழகம் 2020இல் தேசியக் கடலோரப் பாதுகாப்பு அமைப்பாகப் பொறுப்பேற்றது. இந்நிலையில் ஓர் ஆய்வு அழைப்பில், “பருவநிலை மாற்றம் சிங்கப்பூரின் கடற்கரையை எவ்வாறு பாதிக்கும்?” என்று கேட்டால் நல்ல கட்டுரைகள் பல கிடைக்கும்; ஆனால் அவற்றை வைத்து எந்தப் பொறியாளராலும் ஒரு கோடு வரைய முடியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கிழக்குக் கடற்கரையில் கடலிலிருந்து புதிதாக மீட்கப்படும் நிலத்தின் தரைமட்டம் இந்த நூற்றாண்டின் இறுதிவரை பாதுகாப்பாக இருக்க எவ்வளவு உயரம் வேண்டும்? பின்னாளில் அதை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்த நேர்ந்தால், அதற்கு இடம்விட்டு இன்றே கட்டுவதற்குக் கூடுதலாக எவ்வளவு செலவாகும்?” இந்தக் கேள்வியில் இடம் இருக்கிறது, காலவரையறை இருக்கிறது, முடிவெடுப்பவருக்குத் தேவையான அலகும் இருக்கிறது. இதற்குக் கடலியலாளரும் மண்ணியலாளரும் பொருளியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் பதில் சொல்ல முடியும்; அவர்களைச் சேர்த்துவைக்கத் தனியாக ஒரு விதி எழுதத் தேவையில்லை.

அறிவியல் தரும் பதில் பெரும்பாலும் ஒரே எண்ணாக இருக்காது. 2024 ஜனவரியில் வெளிவந்த மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வின்படி, சிங்கப்பூரைச் சுற்றியுள்ள சராசரிக் கடல்மட்டம் 2100க்குள் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். வெளியேற்றம் மிகுந்தால் 2150க்குள் ஏறத்தாழ 2 மீட்டரைத் தொடலாம். இவ்வளவு அகன்ற வீச்சைக் கண்டதும், “எனக்கு ஓர் எண் சொல்லுங்கள்” என்று ஆய்வாளரை நெருக்குவது அதிகாரிகளிடம் இயல்பாக எழும் உந்துதல். அதற்கு இடங்கொடுக்காதீர்கள். வீச்சைத் தருவது ஆய்வாளரின் கடமை. அந்த வீச்சுக்குள் எந்த அளவு அபாயத்தை நாடு ஏற்கும் என்று தேர்ந்தெடுப்பது ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரின் கடமை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால், பிற்காலத்தில் எண் தவறும்போது பழி அறிவியலின் மீது விழும். அடுத்த முறை உண்மையான வீச்சைச் சொல்ல எவரும் துணியமாட்டார்கள்.

தேர்வை எப்படிச் செய்வது என்பதற்கு நம் கடற்கரையே சான்று. நில மீட்புக்கான குறைந்தபட்ச உயரம் 2011இல் சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. துவாஸ் துறைமுகத்திற்கு 5 மீட்டரும், சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்திற்கு 5.5 மீட்டரும் வகுக்கப்பட்டன. நீண்டகாலம் நிற்கவேண்டிய, பிறகு தூக்கிக் கட்ட இயலாத அமைப்புகளுக்குக் கூடுதல் இடைவெளி விடுவதே அறிவுடைமை. எந்தக் காரணத்தால் எந்த எண்ணைத் தேர்ந்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். புதிய தரவு வரும்போது எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கும்.

காத்திருப்பதும் நிறுத்துவதும்

பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் முயற்சி சிங்கப்பூரில் 1974இலேயே ஒரு சோதனை ஆலையாகத் தொடங்கியது. நீரை வடிகட்டும் அன்றைய சவ்வுகள் விலை மிகுந்தவை, நம்பகமும் குறைந்தவை. ஆகவே ஆலை மூடப்பட்டது. 1998இல் ஆய்வு மீண்டும் எடுக்கப்பட்டது. 2000இல் பிடோக்கில் செயல்விளக்க ஆலை இயங்கியது. 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும், இப்படிச் சுத்திகரித்த ‘புதுநீர்’ தரும் ஆலைகள் திறக்கப்பட்டன. இன்று நாட்டின் நீர்த்தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் ஈடுசெய்ய முடியும். அன்று மூடியதும் சரியான முடிவு, 1998இல் திறந்ததும் சரியான முடிவு. இடைப்பட்ட காலத்தில் உலகின் சவ்வுத் தொழில்நுட்பம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தால்தான் இரண்டாவது முடிவைச் சரியான நேரத்தில் எடுக்க முடியும். ஒரு திட்டத்தை நிறுத்தும்போது அதன் தரவையும், மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவையும் காப்பாற்றிவைப்பதற்கு அதிகம் செலவாகாது. எதையும் மிச்சம் வைக்காமல் கலைத்துவிட்டால், மறுபடி தொடங்கும்போது அடிப்படையிலிருந்து கற்கவேண்டிவரும்.

சிறிய அளவில் சோதித்துப் பார்த்துப் பெருக்குவதற்குத் தெங்கே நீர்த்தேக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் அங்கே ஒரு மெகாவாட் அளவிலான மிதக்கும் சூரியத் தகடுகள், பல நாடுகளின் வடிவமைப்புகளோடு, அருகருகே நிறுவப்பட்டு ஒப்பிடப்பட்டன. மின் உற்பத்தியோடு நீரின் தரமும் அங்கு வாழும் உயிரினங்களின் நிலையும் கண்காணிக்கப்பட்டன. அதன் பிறகே 2021இல் 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட பண்ணை திறக்கப்பட்டது. அதன் உற்பத்தி ஐந்து நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களின் மின்தேவைக்கு ஈடானது. எந்த அளவீடு எந்த வரம்பைத் தாண்டினால் அடுத்த கட்டத்திற்குப் போவது, எதைத் தாண்டினால் நிறுத்துவது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போது எழுதப்படும் வரம்பு, ஏற்கெனவே விரும்பப்பட்ட முடிவின் பக்கம் சாயும்.

இலக்கையே மாற்றவேண்டிய நேரமும் வரும். ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே உற்பத்தி செய்வது என்று 2019இல் அறிவிக்கப்பட்ட இலக்குக்குப் பதிலாக, 2025 நவம்பரில் நார்ச்சத்துக்கும் புரதத்திற்கும் தனித்தனியாக 2035க்கான இலக்குகள் வகுக்கப்பட்டன. உற்பத்திச் செலவும் பண்ணைகளின் நிலையும் காட்டிய உண்மையை ஏற்று வெளிப்படையாகத் திருத்திக்கொள்வதை நான் பலவீனமாகக் கருதவில்லை. அப்படித் திருத்தும் துணிவு ஆய்வை நடத்துபவரிடமும் இருக்க வேண்டும்.

ஆய்வின் பயனை அளப்பது பற்றி ஒன்றே ஒன்று: கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள், ஆனால் அதோடு எந்த விதிமுறை, எந்த வரைபடம், எந்தக் கொள்முதல் முடிவு இந்த ஆய்வால் மாறியது என்றும் ஆண்டுதோறும் கேளுங்கள்.

அண்டை நாடுகளோடும் தொலைதூர நாடுகளோடும்

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை சிங்கப்பூரால் தனித்து ஆராயக்கூடியது மிகக் குறைவு. காற்றும் கடல்நீரும் நம் எல்லையைத் தாண்டியே வருகின்றன. 2013 ஜூன் 21 அன்று, அண்டை நாட்டில் எரிந்த தீயின் புகைமூட்டத்தால் காற்றுத்தரக் குறியீடு அபாய அளவான 401ஐத் தொட்டதை இங்கே வாழ்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

புகைமூட்டத்தின் வரலாறு ஒத்துழைப்பின் வரிசைமுறையைக் கற்றுத்தருகிறது. ஆசியான் சிறப்பு வானிலை மையம் 1993இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. துணைக்கோளப் படங்களிலிருந்து தீப்பிடித்த இடங்களைக் கண்டறிந்து உறுப்பு நாடுகளுக்கு அறிவிக்கும் பணியை அது செய்கிறது. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை 2014இல் உறுதிப்படுத்தியது. சிங்கப்பூர் தன் சொந்தச் சட்டத்தை அதே ஆண்டில் இயற்றியது. சேர்ந்து அளப்பதற்கு நாடுகள் முதலிலேயே ஒப்புக்கொண்டன. சட்டக் கடப்பாட்டிற்கு மிக நீண்ட காலம் பிடித்தது. தோட்ட நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களின் எல்லை வரைபடங்களைப் பகிர்வதோ எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, ஏனென்றால் அந்த வரைபடம் இன்னாருடைய நிலம் எரிகிறது என்று சுட்டிக்காட்டிவிடும். ஆகவே எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத அளவீடுகளிலிருந்து தொடங்குங்கள். அரசியல் உறவு குளிர்ந்திருக்கும் காலத்திலும் இரு நாடுகளின் வானிலையாளர்கள் காலை நேரத்துத் தரவைப் பரிமாறிக்கொண்டிருந்தால், உறவு மீளும்போது பேசுவதற்கு ஓர் அடித்தளம் இருக்கும்.

கூட்டாளியைத் தேடும் முன், உங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெப்பமண்டல நகரம் ஒன்றின் நெருக்கமான அளவீடுகள், நன்கு பராமரிக்கப்படும் சோதனைக் களங்கள், ஆராய்ச்சியிலிருந்து நடைமுறைக்குச் செல்லும் குறுகிய பாதை ஆகியவை நம் பலம். சூரிக்கிலும் மியூனிக்கிலும் மாசசூசெட்ஸிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இங்கே ஆய்வு மையங்களை அமைத்ததற்கு நிதி ஒரு காரணமென்றால், இந்தக் களம் மற்றொரு காரணம். நகர வெப்பத்தைக் குறைக்க 2017இல் தொடங்கிய ‘கூலிங் சிங்கப்பூர்’ ஆய்வில் அவர்கள் நம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பணியாற்றினார்கள். அண்டை நாடுகளுக்கும் இதே முறையில் கொடுக்க வேண்டும். மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வில் தென்கிழக்காசியா முழுமைக்கும் 8 கிலோமீட்டர் நுணுக்கத்தில் கணிப்புகள் உருவாக்கப்பட்டன. இத்தகைய தரவைப் பகிர்ந்தால், மேடைகளில் பேசும் பல உரைகளைவிட அதிகமான நம்பிக்கையை அது சம்பாதித்துத் தரும்.

தமிழர்களாகிய நமக்குச் சென்னையோடு இயல்பான தொடர்பு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் நமக்குப் பயன்படும் அனுபவத்தைப் பெற்றிருக்கின்றன. பிச்சாவரத்தில் உப்பு மிகுந்து அழிந்த அலையாத்திக் காட்டுக்கு, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் தடையின்றி உள்ளே வந்துபோகும்படி செய்து உயிரூட்டிய முறை, சுங்கை புலோ போன்ற ஈரநிலங்களைப் பேணுவோர் நேரில் சென்று பார்க்கத்தக்கது. அறிவு எப்போதும் பணக்கார நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கே பாயும் என்ற எண்ணத்தோடு மேசைக்குப் போகாதீர்கள். அதே சமயம், கூடப் படித்தவர், சொந்த ஊர்க்காரர் என்ற உறவை நம்பி எழுத்தில்லாமல் தொடங்கவும் வேண்டாம். உறவு கதவைத் திறக்கும். தரவு யாருடையது என்ற கேள்வி எழும்போது அதனால் உதவ முடியாது.

விழா எடுத்துக் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பல அலமாரியோடு நின்றுவிடுகின்றன. அதைவிட மூன்று பக்கத்தில் ஒரு செயல்முறை உடன்பாடு மேல். அதில் தரவு பற்றிய பகுதி இந்த அளவுக்காவது திட்டவட்டமாக இருக்கட்டும்: “அளவீடு எடுக்கப்பட்ட ஆறு மாதங்களுக்குள் மூலத் தரவு இரு தரப்பும் அணுகக்கூடிய களஞ்சியத்தில் சேர்க்கப்படும். ஒவ்வொரு அளவுமானியின் தொடக்கப்புள்ளியும் அளவுத்திருத்தம் செய்த தேதியும் அதனுடன் பதியப்படும். திட்டம் இடையில் நின்றாலும் அதுவரை சேர்ந்த தரவை இரு தரப்பும் பயன்படுத்தலாம்.” இரண்டாவது வாக்கியம் சிறியதாகத் தோன்றினாலும் அதை விட்டுவிடக்கூடாது. இரு நாடுகளின் கடல்மட்ட மானிகள் வெவ்வேறு தொடக்கப்புள்ளியிலிருந்து அளந்தால், ஒரே நீரிணையின் இரு கரைகளில் எடுத்த எண்களை ஒப்பிடவே முடியாமல் போகும். பல ஆண்டு உழைப்பு அங்கேயே முடங்கிவிடும். மாதிரிகள் எந்த நாட்டில் வைக்கப்படும், இளம் ஆய்வாளர்களின் பெயர் கட்டுரையில் எவ்வாறு இடம்பெறும், உடன்பாடு எவ்வாறு முடிவடையும் என்பவற்றையும் நிதி வழங்கும் முன்பே எழுதுங்கள்.

நியாயமான பகிர்வு என்பது நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக மட்டும் இன்று இல்லை. அது சர்வதேசச் சட்டமாகவும் ஆகிவருகிறது. நாடுகளின் அதிகார எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் பல்லுயிர் வளத்தைக் காக்கும் உடன்பாட்டுப் பேச்சுகளுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் தூதர் ரீனா லீ. 2023 ஜூனில் ஏற்கப்பட்டு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்பாட்டில், கடல் மரபணு வளங்களின் பயனைப் பகிர்வதும் வளரும் நாடுகளின் திறனை வளர்ப்பதும் முக்கியமான பகுதிகள். கடல் ஆய்வுத் திட்டம் எதையும் வகுப்பவர்கள் அதைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

மக்களின் நம்பிக்கை

புதுநீர் பாதுகாப்பானது என்று அரசாங்கம் தானே சொல்லிக்கொள்ளாமல், உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் கொண்ட குழுவைக் கொண்டு சோதிக்கச் செய்து, அதன் முடிவை 2002இல் வெளியிட்டது. சந்தேகத்திற்குரிய எந்தத் தொழில்நுட்பத்திற்கும் இவ்வாறு வெளியார் குழுவை அமையுங்கள். உங்கள் கருத்தோடு முரண்படக்கூடிய ஒருவராவது அதில் இருக்கட்டும்.

இயற்கை ஆர்வலர்களையும் ஆய்வின் எதிரிகளாகப் பார்க்காதீர்கள். குறுக்குத்தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் அடியில் செல்லலாமா என்ற விவாதத்தில், அவர்களின் கருத்தைக் கேட்ட பிறகு, மண் ஆய்வுக்காகத் துளையிடும் இடங்கள் 72இலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டன. 2019இல் அறிவிக்கப்பட்ட முடிவின்படி, சுரங்கம் தரைக்கு ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் செல்லும். விவாதம் நீண்டது உண்மை. அதனால் கேள்விகளும் கூர்மையடைந்தன.

சமூக மன்றத்தில் கலந்துரையாடல் நடக்கும்போது தமிழில் ஒரு அமர்வையும் ஏற்பாடு செய்யுங்கள். அங்கே வரும் மூத்தோர் 2100ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். “பெரிய மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் எங்கள் புளோக் கீழே தண்ணீர் நிற்குமா தம்பி?” என்று கேட்பார்கள். கால்வாய் நீர் கடலில் வடியமுடியாத அந்த நிலைமையே கடலோர ஆய்வின் மையமான சிக்கல்களுள் ஒன்று. அவருக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் உங்கள் ஆய்வுக் கேள்வியை மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது என்று பொருள்.

பொறுப்பை ஒப்படைத்தல்

பொதுச் சேவையில் அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பதவிக்கு மாற்றப்படுகிறார்கள். ஆய்வோ அதைவிட நீண்டது. ஆகவே பொறுப்பேற்ற நாளிலிருந்தே அடுத்தவருக்கான கோப்பை எழுதிக்கொண்டு வாருங்கள். முடிவுகளின் நாள்காட்டி, ஒவ்வொரு எண்ணையும் தேர்ந்ததற்கான காரணம், நிறுத்திய திட்டங்களும் அவற்றின் தரவு இருக்கும் இடமும், வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு நீங்கள் வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வாக்குறுதிகளைத்தான் பெரும்பாலும் எழுத மறக்கிறோம். ஜகார்த்தாவிலோ சென்னையிலோ இருப்பவர் அவற்றை மறப்பதில்லை. பதவி மாறும் தேதிக்கு முன்பே புதியவரை உடன் அழைத்துச் சென்று, அந்தக் கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் நேரிலோ காணொளியிலோ அறிமுகப்படுத்தி, எழுதிவைத்த வாக்குறுதிகளை மூவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.